பாட்டு கேசட்டை விடுங்கள், பாட்டி கேசட்டை எடுங்கள்

செமஸ்டர் லீவு விட்டால் போதும், தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பையன் பரண் மேல் ஏறுவான். இறங்கும்போது கையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். பெட்டிக்குள் முப்பது நாற்பது ஆடியோ கேசட். "எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கப் போறேன்" என்று அறிவிப்பான். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், பையன் உருப்படியாக ஏதோ செய்கிறானே என்று.

அடுத்த பத்து நாளில் அவன் செய்வது என்ன? கவர் நன்றாக இருக்கிற கேசட்டாகப் பார்த்து முதலில் எடுப்பான். இளையராஜா ஒரு அடுக்கு, ரஹ்மான் ஒரு அடுக்கு, அப்பா சபரிமலைக்குப் போனபோது வாங்கிய ஐயப்பன் பாட்டு இரண்டு. ஒரு 60 நிமிஷ கேசட்டை மாற்ற 60 நிமிஷம் ஆகும். இதில் குறுக்கு வழியே கிடையாது, டேப் ஓடித்தான் தீரவேண்டும். ஏழெட்டு கேசட் முடிவதற்குள் பையனுக்கு முதுகு வலிக்கும், காலேஜ் திறந்துவிடும், பெட்டி மறுபடி பரணுக்குப் போய்விடும்.

மிச்சம் என்ன? செல்போனில் தட்டினால் இரண்டு நொடியில் ஒலிக்கிற பாட்டு. அதுவும் பெரும்பாலும் ஒரிஜினல் மாஸ்டரிலிருந்து எடுத்தது, இரைச்சல் இல்லாதது. அதையே இரைச்சலோடு, லேசாகச் சுருதி பிசகி, இன்னொரு தடவை செய்து வைத்திருக்கிறான். இருக்கிற சோற்றையே திரும்பப் பொங்கின கதை.

பெட்டியின் அடியில் நான்கைந்து கேசட் அப்படியே கிடக்கும். கவர் இல்லை. மெல்ட்ராக், டிடிகே, சோனி என்று ஏதோ ஒரு வெற்று கேசட். மேலே பால்பாயிண்ட் பேனாவில் "வீடு" என்றோ "துபாய்" என்றோ எழுதியிருக்கும். ஒன்றில் "அழிக்காதே" என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருக்கும். உலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ளவை அவைதான். பையன் அதைத்தான் தொடவில்லை!

நிற்க. பாட்டு கேசட் எதையுமே மாற்றக் கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஊர்த் திருவிழாவில் மைக்கை நீட்டிப் பிடித்த கூத்து, மூடிப்போன சின்னக் கம்பெனி வெளியிட்ட வில்லுப்பாட்டு, உள்ளூர் பட்டிமன்றம், தெருக்கோடிக் கோயிலில் நடந்த கதாகாலட்சேபம், சபாவில் ஒரு ரசிகர் மடியில் ரெக்கார்டரை வைத்துப் பிடித்த கச்சேரி, இதெல்லாம் எந்த ஆப்பிலும் கிடைக்காது. தாராளமாக எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக்கொடுத்து அப்பா பதிந்து வாங்கிய பாட்டு கேசட்டா? பாட்டு எல்லாம் வெளியே இருக்கிறது, அபூர்வமானது அந்தக் கையெழுத்துப் பட்டியல்தான். அதை ஒரு போட்டோ எடுத்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. மீதி 59 நிமிஷத்தை "அழிக்காதே" கேசட்டுக்குக் கொடுக்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம்? கேசட் கெட்டுப்போகும் என்பது எல்லாரும் சொல்கிற காரணம். அது பாதிதான் உண்மை. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி இந்தக் கேசட்டைக் கொண்டுவந்தபோது யாரும் இதை நூறு வருஷத்துச் சாமான் என்று சொல்லவில்லை. 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா, மேலே இரும்பு ஆக்சைடு பூச்சு, அவ்வளவுதான். ஆனாலும் அது ஆச்சரியமான உழைப்பாளி. நம்மூர் வெயிலையும் ஈரத்தையும் தின்றுவிட்டு நாற்பது வருஷம் கழித்தும் பேசுகிறது. வெள்ளைப் பூஞ்சை படரும், நாடாவை ஹெட்டில் அழுத்துகிற சின்ன ஃபெல்ட் துண்டு பசை காய்ந்து விழும். அதெல்லாம் சரிசெய்யக்கூடிய கோளாறு. திருகாணி போட்ட கேசட்டாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் நாடாவை வேறு டப்பாவுக்கு மாற்றிவிடலாம்.

அதற்கு முன்னால் போவது மெஷின். 2010-ல் ஜப்பானில் சோனி கேசட் வாக்மேனை நிறுத்தியபோதே கதை முக்கால்வாசி முடிந்துவிட்டது. இன்றைக்கும் புதிதாக கேசட் பிளேயர் விற்கிறார்கள், இல்லையென்று இல்லை. ஆனால் பெரும்பாலானவை மலிவான மெக்கானிசம். பழைய நல்ல டெக்குகளில் ரப்பர் பெல்ட் கருப்புத் தாராக உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெல்ட் மாற்றத் தெரிந்த மெக்கானிக்குகள் கடையை மகனிடம் கொடுத்துவிட்டார்கள், மகன் செல்போன் டிஸ்ப்ளே மாற்றுகிறான். 2019-ல் யுனெஸ்கோ காந்த நாடாக்களுக்காக ஒரு எச்சரிக்கைத் திட்டமே தொடங்கியது. உலகெங்கும் ஒலி ஆவணக்காரர்கள் 2025-ஐ ஒரு கெடுவாக வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாடா செத்துவிடும் என்பதைவிட, அதை ஓட்டிக்காட்ட மெஷினும் ஆளும் இருக்காது என்பதுதான் அவர்கள் கவலை. அந்த 2025-ம் வந்து போய்விட்டது.

ஆனால் நாடாவுக்கும் மெஷினுக்கும் முன்னால் போகிற ஒன்று இருக்கிறது. கேசட்டைப் போட்டதும் "இது யார் பேசுறது?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள். அந்த ஆளுக்கு 75 வயசு. சர்க்கரை இருக்கிறது, காது வேறு மந்தமாகிக்கொண்டு வருகிறது. அவர் போய்விட்டால் அதற்குப் பிறகு உலகத்திலேயே உசத்தியான மெஷினில் ஓட்டினாலும் கேட்பது "யாரோ ஒரு ஆள் பேசுகிறார்" என்பதுதான். கேசட்டை மியூசியத்தில் வைத்துக் காப்பாற்றலாம், அப்பத்தாவின் காதை எங்கே வைத்துக் காப்பாற்றுவது?

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். 1980-களில் அந்த வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்த்தார். போனுக்குக் காசு கொடுத்து மாளாது. கடிதம் எழுதலாம், ஆனால் வீட்டம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லவேண்டும். அதனால் கேசட். அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போன பல வீடுகளில் இதே வழக்கம் இருந்தது. ரூமில் ஒருவரிடம் டூ-இன்-ஒன் இருக்கும். வெள்ளிக்கிழமை லீவில் உட்கார்ந்து பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். இங்கே அதைக் குடும்பமே வட்டமாக உட்கார்ந்து கேட்கும். கேட்டு முடித்ததும் என்ன செய்வார்கள்?

அதே கேசட்டில் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள்.

வெற்று கேசட் அப்போது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை. வந்த கடிதத்தின் மேலேயே பதில் கடிதம். அவர் குரல் அழிந்து இவர்கள் குரல் ஏறும், திரும்பி வரும்போது இவர்கள் குரல் அழிந்து அவர் குரல் ஏறும். பத்து வருஷத்துப் பேச்சு முழுக்க இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி அழித்ததுதான். வீட்டில் எஞ்சுவது கடைசிச் சுற்று மட்டும்.

ஆனால் ரெக்கார்டரின் அழிப்பு ஹெட்டுக்கு ஒரு நேர்மை உண்டு. எவ்வளவு தூரம் புதிதாகப் பதிகிறோமோ அவ்வளவு தூரம்தான் அழிக்கும். வந்த கடிதம் 30 நிமிஷம், பதில் 20 நிமிஷம் என்றால், கடைசி 10 நிமிஷம் பழைய கடிதம் அப்படியே இருக்கும். பாதி வார்த்தையில் தொடங்கி, பக்கம் முடியும்வரை.

அந்தத் தேவகோட்டை வீட்டுக் கேசட்டில் இருந்தது, அனுப்பப்படாமலே நின்றுபோன ஒரு பதில். அனுப்புவதற்குள் அவரே லீவில் வந்துவிட்டாராம். பேரன் ஓட்டிப் பார்த்தபோது முதலில் வந்தது அப்பத்தா குரல். பிறகு அவனுடைய அப்பா, அப்போது ஐந்து வயசு, ஆத்திசூடியைப் பாதி ஒப்பித்துவிட்டு மறந்து அழுகிறார். (இதை வைத்துப் பேரன் ஒரு மாசம் அப்பாவை ஓட்டினான் என்பது தனிக்கதை :-)) பிறகு "சரி, வச்சுரவா" என்று ஒரு குரல். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. ரெக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டார்கள். ஆறேழு நிமிஷம் வெறும் வீட்டுச் சத்தம். கோழி, பம்ப் ஸ்டவ், எங்கேயோ ஒரு ரேடியோ. எந்தப் பையனும் இந்த இடத்தில் "முடிஞ்சது" என்று ஸ்டாப்பை அமுக்கியிருப்பான். இவன் சாப்பிடப் போய்விட்டான், அதனால் அமுக்கவில்லை. திரும்பி வரும்போது 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒரு ஆண் குரல், ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து. முருங்கை பூத்ததா, டிராஃப்ட் வந்ததா, கூரைக்கு ஓடு மாற்றியாச்சா என்று கேட்கிறது. மொத்தம் நான்கு நிமிஷம். அந்தத் தாத்தா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் அவர் குரல் வேறெங்கேயும் இல்லை.

இப்போது சொல்லுங்கள், "மௌன இடங்களைத் தானாக வெட்டு" என்று சாஃப்ட்வேரில் ஒரு வசதி இருக்கிறதே, அது வசதியா?

கேசட்டை டிஜிட்டல் ஆக்குவதைப் பற்றி இணையத்தில் கிடைக்கிற அறிவுரைகள் பெரும்பாலும் பாட்டு கேட்பவர்கள் பாட்டு கேசட்டுக்காக எழுதியவை. சத்தத்தைக் குறை, இரைச்சலை எடு, பாட்டுப் பாட்டாக வெட்டு, மௌனத்தை நீக்கு, எம்பி3 ஆக்கு. பாட்டுக்கு இது சரியாக இருக்கலாம். வீட்டு கேசட்டுக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு வெட்டுக்குத்து.

இரைச்சல் நீக்குவதையே எடுத்துக்கொள்வோம். கேசட்டில் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் எப்போதும் இருக்கும். சாஃப்ட்வேர் அந்தச் சீறலைக் கற்றுக்கொண்டு மொத்தப் பதிவிலிருந்தும் கழிக்கும். அதற்கு எது டேப் சீறல், எது 'சரி' என்று சொல்லும்போது வருகிற ச, எது பல் போன தாத்தா பேச்சில் வருகிற காற்று என்று தெரியாது. கொஞ்சம் அதிகமாகத் திருகினால் பேசுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும். பின்னால் கேட்ட கோழியும் ஸ்டவ்வும் போயே போய்விடும். 1986-ல் அந்தக் கூடம் எப்படி ஒலித்தது என்பதற்கு அந்தக் கோழிதான் சாட்சி. ஆவணக் காப்பகக்காரர்கள் இதில் கறார். முதல் பிரதி எதையும் சேர்க்காமல் கழிக்காமல் அப்படியே இருக்கவேண்டும், துடைத்து மினுக்குவதெல்லாம் அதன் நகலில் என்பது அவர்கள் விதி. பன்னாட்டு ஒலி ஆவணச் சங்கம் சொல்கிற குறைந்தபட்ச அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அந்த அளவில் ஒரு 90 நிமிஷ கேசட் சுமார் 1.5 ஜிபி. ஒரு 32 ஜிபி பென்டிரைவில் இருபது கேசட் அடங்கும். சேதாரம் இல்லாமல் சுருக்கும் ஃப்ளாக் முறையில் வைத்தால் இன்னும் கூட அடங்கும். ஒரு கல்யாண வீடியோவுக்கு இதைவிட அதிக இடம் கொடுக்கிறார்கள், தாத்தாவுக்குக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

"கடையில் கொடுத்தால் செய்து தருவார்களே?" தருவார்கள். மெஷின் நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் கடைக்காரருக்கு அது நாற்பதில் ஒரு கேசட். இரண்டு பக்கத்தையும் கடைசிவரை ஓடவிட அவருக்கு என்ன தலையெழுத்தா? பேச்சு நின்றது, வேலை முடிந்தது. துடைத்துக் கொடுத்தால் 'க்ளீனாக' இருக்கிறது என்று கஸ்டமர் சந்தோஷப்படுவார், அதனால் துடைத்தும் கொடுப்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆறு நிமிஷக் கோழிச் சத்தத்துக்குப் பிறகு ஏதாவது இருக்கலாம் என்று காத்திருக்க, அந்த வீட்டில் பிறந்தவனாக இருக்கவேண்டும். (அல்லது சாப்பிடப் போயிருக்கவேண்டும்.)

வீட்டிலேயே செய்ய ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை, பொறுமைதான் தேவை. ஓரளவு நல்ல டெக் ஒன்று இரவல் கிடைத்தால் போதும். ஹெட்டையும் இரும்புக் கம்பித் தண்டையும் பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கவேண்டும். நாடா ரொம்ப வருஷம் ஓடாமல் கிடந்தால் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு ஓட்டுவது நல்லது, ஒட்டிக்கொண்ட இடம் விட்டுக்கொடுக்கும். அதற்கும் முன்னால், கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிடவேண்டும். அது உடைந்திருந்தால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. முப்பது வருஷம் தப்பித்த குரல், காப்பாற்றப் போன அன்று தவறுதலாக அழிவதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

பிறகு டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு வயர். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். இன்றைய லேப்டாப்பில் இருக்கிற ஒற்றை ஓட்டை ஹெட்போனுக்கும் அதன் மைக்குக்கும் உரியது. அதில் டெக்கைச் சொருகினால் குரல் கரகரத்துக் கிழியும். லைன் இன் உள்ள சின்ன யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று வாங்குவது உத்தமம். கேசட்டைப் போட்டால் நேராக பென்டிரைவில் எம்பி3-யாக விழும் என்று விற்கிற வாக்மேன் மாதிரிப் பெட்டிகள் இருக்கின்றன. மற்ற வழியே இல்லையென்றால் அது. ஒன்றுமில்லாததற்கு அதுவும் மேல் என்பதற்கு மேல் அதைப் புகழ முடியாது.

சாஃப்ட்வேருக்கு ஆடாசிட்டி போதும். 2000-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அளவு மீட்டரில் உச்சம் பூஜ்ஜியத்தைத் தொடாமல், ஆறு டெசிபெல்லாவது கீழே நிற்கும்படி வைத்துவிட்டு ஓடவிடவேண்டும். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால் உடனே ட்ரெபிளைத் திருகாமல், ஹெட்டின் பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். பதிந்த மெஷினின் ஹெட்டும் ஓட்டுகிற மெஷினின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் மேல் ஸ்தாயி முழுக்கப் போய்விடும். கோணம் சேருகிற இடத்தில் குரல் சட்டென்று கண்ணைத் திறந்தது மாதிரி தெளியும். அந்த ஒரு நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். எந்த சாஃப்ட்வேரும் பின்னால் இதைத் தர முடியாது.

இன்னொரு கூத்து, வேகம். ஷார்ஜா ரூமில் பேட்டரி தீரப்போகிற நிலையில் ரெக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் இங்கே ஓட்டினால் தாத்தா கீச்சுக்குரலில் அவசரமாகப் பேசுவார். பதிவில் மின்சார முணுமுணுப்பு கேட்டால் ஒரு கணக்குப் போடலாம். அது 50 ஹெர்ட்ஸில் இருக்கவேண்டும், 52-ல் இருந்தால் 4 சதவீதம் வேகம் என்று. வெளிநாட்டில் இது நல்ல உபாயம். 80-களின் தென்னிந்திய மின்சாரத்தில் அந்த 50-ஏ 48-க்கும் 49-க்கும் அலைந்துகொண்டிருந்தது, ஆகவே உள்ளூரில் பதிந்ததற்கு இந்தக் கணக்கு உத்தேசம்தான். தேவகோட்டை வீட்டில் அந்தக் கணக்கு தேவைப்படவே இல்லை. அப்பத்தா கேட்டுவிட்டு, "அவுக குரல் இம்புட்டுச் சன்னமா இருக்காதுடா, இன்னங் கொஞ்சம் தடியா இருக்கும்" என்றார். பேரன் ஒரு நகலில் மூன்று சதவீதம் குறைத்தான். "இன்னங் கொஞ்சம்." ஐந்து. "ஆங்." அந்த ஆங்-கைச் சொல்ல இன்னொரு ஆள் இந்தப் பூமியில் கிடையாது.

மாற்றும்போதே அப்பத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செல்போனில் அவர் பேசுவதையும் பதிந்துகொள்வது இதனால்தான். இது யார், அப்போது என்ன நடந்தது, "பெரிய வீட்டு விசயம்" என்கிறாரே அது என்ன விசயம். கேசட் ஒரு மணி நேரம் என்றால் விளக்கம் மூன்று மணி நேரம் வரும். கடைசியில் அந்த மூன்று மணி நேரம்தான் அதிகப் பெறுமானம் உள்ளதாகக்கூட முடியலாம்.

"சரி, இதையெல்லாம் மாற்றி வைத்து யார் கேட்கப் போகிறார்கள்?" இது அடுத்த கேள்வி. பீரோவில் கிடக்கிற நிலப் பத்திரத்தைத் தினமும் யார் எடுத்துப் படிக்கிறார்கள்? படிக்கிறதில்லை என்பதற்காக யாராவது பரணில் போட்டுக் கரையானுக்குக் கொடுக்கிறார்களா?

"அரசாங்கம் செய்யவேண்டிய வேலை இது" என்று சொல்கிறவர்களும் உண்டு. செய்யட்டும். காப்பகங்களுக்குத் தங்களிடம் இருக்கிற நாடாக்களை மாற்றவே ஆளும் காசும் போதவில்லை, அதற்குத்தான் அந்த யுனெஸ்கோ எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் 1981-ல் நூலகம் எரிந்தது, 2005-ல் சிலர் சேர்ந்து இணையத்தில் 'நூலகம்' தொடங்கினார்கள். யார் உத்தரவுக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. ஆனால் முருங்கை பூத்ததா என்று கேட்கிற கேசட்டைத் தேடிக்கொண்டு எந்த நிறுவனமும் தேவகோட்டைக்கு வராது. வரவும் வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்றால், இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மாற்றின கையோடு யூடியூபில் ஏற்றி "1980'ஸ் கிட்ஸ் மட்டும் கேளுங்க" என்று தலைப்புப் போடத் துடிக்கிற ஒரு கூட்டம். இந்தக் குரல்கள் ஊருக்குப் பேசியவை அல்ல. தாத்தா ஷார்ஜாவிலிருந்து பேசியது முதல் பக்கம் குடும்பத்துக்கு, இரண்டாம் பக்கம் மனைவிக்கு. இரண்டாம் பக்கம் தொடங்கின அரை நிமிஷத்தில் அப்பத்தா கையை நீட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். பேரன் ஹெட்போனை மாட்டிவிட்டுப் பட்டனைக் காட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தான். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தவர், கேசட்டை எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை மாற்ற வேண்டாம் என்றார். அவன் மாற்றவில்லை.

ஆவணப் பித்து உள்ளவர்களுக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்கும். இருக்கட்டும். எதைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்கிற உரிமை குரலுக்கு உடையவருக்குத்தான், அவர் இல்லாவிட்டால் அந்தக் குரல் யாரிடம் பேசியதோ அவருக்கு. வயர் வைத்திருக்கிறவனுக்கு இல்லை. ஆனால் அந்த உரிமையை அவர் பயன்படுத்தவும் அவர் உயிரோடு இருக்கும்போதே யாராவது கேசட்டை ஓட்டிக் காட்டியாகவேண்டும். பரணிலேயே கிடந்திருந்தால் அவருக்கு முடிவெடுக்க என்ன இருந்திருக்கும்?

முதல் பக்கத்துக் கடைசி நான்கு நிமிஷத்தை அப்பத்தா அன்றைக்கு மறுபடி மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை கேட்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தார்கள். தாத்தா பேசி முடிக்கிற இடத்தில் தூரத்திலிருந்து இன்னொரு ஆள் சிரித்தபடி, "அண்ணே, டேப்பு முடியப் போவுது, வெரசாச் சொல்லுங்க" என்கிறார். யார் அது என்று பேரன் கேட்டான். அப்பத்தா யோசிக்கவே இல்லை. அதே ரூமில் இருந்தவர், டூ-இன்-ஒன் அவருடையதுதான், ஊர் இங்கிருந்து நாலு மைல், அங்கேயே விபத்தில் இறந்துபோனார், அப்போது மகளுக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. அந்த மகள் இப்போது அதே ஊரில் டீச்சராக இருக்கிறார்.

மறுநாள் காலையில் பேரன் அந்த ஆறு நொடியைத் தனியாக ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான். இரைச்சலை எடுக்காமல்தான்.